பெரியம்மாவுக்குப் பங்கில்லை, அம்மாவுக்கு உண்டு

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தாத்தாவுக்குப் பூர்வீகமாக வந்த நிலம், கிணறோடு. பெரியம்மாவுக்கு 1988 தையில் கல்யாணம், அம்மாவுக்கு 1990 ஆவணியில். இதற்கு நடுவில்தான் தமிழ்நாடு அரசின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 25.3.1989 முதல் அமலுக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்றது. கூடவே ஒரு நிபந்தனை: அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்குக் கிடையாது.

செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது 1929இல். 60 வருஷம் கழித்து வந்த சட்டம் எங்கள் வீட்டில் அக்காவை வெளியே நிறுத்தி, தங்கையை மட்டும் உள்ளே விட்டது.

1998இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. தாத்தா, மாமா, அம்மா என்று மூன்று பாகம். தாத்தா நினைத்திருந்தால் தன் பாகத்திலிருந்து பெரியம்மாவுக்கு எழுதியிருக்கலாம். "அவளுக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே" என்று முடித்துவிட்டார். அம்மாவுக்கும் நகை போட்டார்கள், அதை யாரும் பேசவில்லை!

2005இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோது கல்யாணத் தேதி நிபந்தனை போனது. பெரியம்மா வக்கீலிடம் போனார். 20.12.2004க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தாத்தா தவறியபோது அவர் பாகத்தில் பெரியம்மாவும் வாரிசு. அதையும் விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிடும் என்ற பயம். எந்தத் திருத்தமும் தீர்க்காத பயம் அது. உங்கள் வீடுகளில் எப்படி?

பதில், ஊத்தங்கரையிலிருந்து:

எங்கள் வீட்டில் நேர்மாறு, அண்ணா. அப்பாவும் சித்தப்பாவும் பத்திரச் செலவுக்குப் பயந்து வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்து உழுது வந்தார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில். 2020இல் உச்ச நீதிமன்றம், 2005 திருத்தம் வந்தபோது தகப்பன் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்றது. வாய்ப்பேச்சுப் பாகப்பிரிவினையையும் லேசில் ஏற்க முடியாது என்றது. அத்தை அந்தத் தீர்ப்பைச் சொல்லித்தான் கேட்டார். கேஸ் வரைக்கும் போகவில்லை, ஊரில் பேசி ரோட்டோர நிலமாகவே கொடுத்தார்கள். சித்தப்பா மட்டும் இன்னும் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை.