பெட்டிங் ஆப் பணம் வந்ததும் சம்பள அக்கவுண்ட் ஃப்ரீஸ்: என்ன செய்யலாம்?

நூல்கண்டு (திருப்பூர்):
வணக்கம். வெளிநாட்டு கிரிக்கெட் பெட்டிங் ஆப் ஒன்றிலிருந்து 6,500 ரூபாய் வித்ட்ரா போட்டேன். பணம் ஆப் பெயரில் வரவில்லை, யாரென்றே தெரியாத ஒருவர் பெயரில் ஐஎம்பிஎஸ்ஸில் வந்தது. இப்போது சம்பள அக்கவுண்டில் பணம் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. கிளையில் கேட்டால், "வேற மாநில சைபர் போலீஸ் சொல்லியிருக்காங்க, எங்க கையில ஒன்னும் இல்ல" என்கிறார்கள். ஆப்பின் டெலிகிராம் சப்போர்ட், "புது பேமென்ட் சர்வீஸ் வந்திருக்கு, இந்த ஏபிகேயைப் (பிளே ஸ்டோர் இல்லாம நேரா போன்ல போடுற ஆப் ஃபைல்) போட்டு 2,000 கட்டினா ரிலீஸ் ஆகிடும்" என்கிறது. கட்டலாமா?

கவுன்ட்டர்3:
ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க. ஃப்ரீஸ் போட்டது போலீஸ் சொல்லி உங்க வங்கி. அதை எடுக்கிற அதிகாரம் எந்த ஆப்புக்கும் கிடையாது.

அந்தப் "புது சர்வீஸ்" எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. பந்தயம்னு சொல்லிக் கேட்டா இங்க எந்த முறையான பேமென்ட் கேட்வேயும் (பணம் வாங்கித் தர்ற நிறுவனம்) அவங்களுக்குக் கிடைக்காது. அதனால கமிஷனுக்கு ஆள் பிடிச்சு, அவங்க வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுக்கிறாங்க. நீங்க டெபாசிட் போடும்போது க்யூஆர் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கும்; இன்னைக்கு ஒரு மளிகைக்கடை பேரு, நாளைக்கு யாரோ தனி ஆள் பேரு. அதே வாடகைக் கணக்குலதான் பார்ட்-டைம் வேலை மோசடி, ஷேர் டிப்ஸ் மோசடியில் ஏமாந்தவங்க பணமும் விழுது. அவங்கள்ல ஒருத்தர் 1930-க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) போன் போட்டதும், பணம் போன வழியெல்லாம் ஒவ்வொரு வங்கியா மார்க் ஆகும். ஏமாந்தவர் பணம் முதல்ல விழுந்த கணக்கு லேயர் 1, அடுத்தடுத்து கைமாறின கணக்கு லேயர் 2, 3. அங்கிருந்து கைமாறி வந்த 6,500 உங்க கணக்குல உட்கார்ந்திருக்கு. நீங்க ஜெயிச்ச பணம்னு நினைச்சது இன்னொருத்தர் இழந்த பணமா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏபிகே போட்டுட்டீங்களா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க.

நூல்கண்டு:
போட்டுவிட்டேன் அண்ணா. எஸ்எம்எஸ் பர்மிஷன் கேட்டது, கொடுத்தேன். பணம் கட்டவில்லை.

கவுன்ட்டர்3:
அப்ப அக்கவுண்டை விட இதுதான் அவசரம். உங்க ஓடிபி இப்பவே வேற இடத்துக்குப் போய்ட்டு இருக்கலாம். டேட்டா, வைஃபை ரெண்டையும் அணைங்க. செட்டிங்ஸ்ல ஆக்சசிபிலிட்டிக்கு (ஒரு ஆப் திரையைப் படிக்கவும் இயக்கவும் விடுற அனுமதி) போய் அந்த ஆப்புக்கு ஆன் ஆகியிருந்தா ஆஃப் பண்ணுங்க. "டிவைஸ் அட்மின்" (போன் மேல கூடுதல் அதிகாரம் உள்ள ஆப்கள்) பட்டியல்லயும் பாருங்க. இந்த ரெண்டுல ஒன்னு ஆன்ல இருந்தா அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா நிக்கும், இல்ல அழுத்தினா மூடிக்கும். எடுத்ததும் ##002# டயல் பண்ணுங்க, கால் ஃபார்வர்டிங் எல்லாம் ரத்தாகும். நெட்பேங்கிங் பாஸ்வேர்டையும் யூபிஐ பின்னையும் வேற போன்லயிருந்து மாத்துங்க, இதே போன்ல வேண்டாம். அப்படியும் ஆப் போகலைன்னா போட்டோவை மட்டும் எடுத்து வச்சுட்டு ஃபேக்டரி ரீசெட்.

கோர்ட்வாசல்:
ஃப்ரீஸ் விஷயத்துக்கு வருகிறேன். கிளையில் வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும். மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடிதத்தில் கேட்க வேண்டியவை: புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் எண், எந்த மாநிலம், எந்த ஸ்டேஷன், விசாரணை அதிகாரியின் மெயில், சந்தேகத் தொகை எவ்வளவு, அதற்கான யுடிஆர் (பரிமாற்ற எண்), எத்தனையாவது லேயர். அந்தத் தொகைக்கு மட்டும் லீன் (எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பது) வைத்திருக்கிறார்களா, முழுக் கணக்குக்கும் டெபிட் ஃப்ரீஸா (எந்தப் பணமும் வெளியே போகாத தடை) என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

விவரம் வந்ததும் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். ஸ்டேட்மென்ட், அடையாளச் சான்று, சம்பளச் சீட்டு, ஆப்பின் டெபாசிட்–வித்ட்ரா ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைப்பில் இருக்கட்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "6,500-ஐ லீனில் வைத்துக்கொண்டு மீதியை இயக்க அனுமதிக்கவும்." 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கியதைக் கண்டித்து இதே மாதிரிதான் உத்தரவிட்டது.

பதிலே வராவிட்டால் வழி இரண்டு. அந்த ஸ்டேஷன் எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட்டிடம் பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503-ஆம் பிரிவில் மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட். இரண்டுக்கும் முத்திரை வாங்கிய அந்த நகலும் மெயில் பிரதியும் வேண்டும்.

இன்னொன்று: அனுப்பியவருக்கு 6,500-ஐ நீங்களாகத் திருப்பி அனுப்ப முயலாதீர்கள். வேறு கணக்கிலிருந்து அனுப்பினாலும் லீன் போகாது. பணம்தான் இரண்டாவது முறை போகும்.

நூல்கண்டு:
பெட்டிங் என்று எழுதினால் என்மேலேயே கேஸ் வராதா? நண்பன் கடன் திருப்பித் தந்தான் என்று எழுதிவிடலாமா?

கோர்ட்வாசல்:
பொய் எழுதவே எழுதாதீர்கள். பணம் வந்த தடம் முழுக்க அதிகாரி கையில் இருக்கிறது. அனுப்பியவரை நண்பன் என்றால், வாடகைக் கணக்குக்காரரோடு உங்களுக்குத் தொடர்பு என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

உங்கள் பயம் நியாயம்தான். ஆகஸ்ட் 2025-ல் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் பற்றிய மத்தியச் சட்டம், நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர் மீதுதான் தண்டனை வைக்கிறது. விளையாடியவர் மீது இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதனால் வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டிய பிறகே அனுப்புங்கள்.

பச்சைமிளகாய்:
யுஎஸ்டிடி-யில் (டாலர் மதிப்புள்ள கிரிப்டோ) வித்ட்ரா எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்களே?

கவுன்ட்டர்3:
அதை ரூபாயா மாத்தணும்ல? பி2பி-யில் (ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை) விக்கும்போது வாங்குறவர் அனுப்புற ரூபாய் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியாது. அது மோசடிப் பணமா இருந்தா அதே லேயர், அதே ஃப்ரீஸ். கூடவே மெய்நிகர் சொத்துக்கான 1% டிடிஎஸ், லாபத்துக்கு 30% வரிக் கணக்கும் வந்து சேரும்.

"உங்க அக்கவுண்டைக் கொடுங்க, டர்ன்ஓவருக்குக் கமிஷன்"னு அதே டெலிகிராம்ல அடுத்து வருவாங்க. தயவுசெஞ்சு பக்கத்துலயே போகாதீங்க. இப்ப நீங்க பணம் வந்து விழுந்த ஆள். அதுக்கு ஒத்துக்கிட்டா லேயர் 1 நீங்கதான், தேடி வர்றதும் உங்க வீட்டுக்குத்தான்.

நூல்கண்டு:
போனை ரீசெட் செய்துவிட்டேன். கிளையில் எழுதிக் கொடுத்து எண் வாங்கினேன். லேயர் 3, சந்தேகத் தொகை 6,500, ஆனால் முழுக் கணக்கும் ஃப்ரீஸ். வக்கீல் பார்த்ததும் மெயில் அனுப்புகிறேன். சம்பளம் இதிலேயேதான் விழும், என்ன செய்வது?

கோர்ட்வாசல்:
இன்றே கம்பெனியில் வேறு வங்கிக் கணக்கைக் கொடுங்கள். சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போய்விட்டால் அந்த மாதச் சம்பளமும் உள்ளே மாட்டும். இஎம்ஐ இந்தக் கணக்கில் இருந்தால் கடன் கொடுத்தவரிடம் மேன்டேட்டை (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் அனுமதி) மாற்றச் சொல்லுங்கள். ஃப்ரீஸில் திரும்பினாலும் பவுன்ஸ் சார்ஜ் விழும். அதிகாரி சம்மதித்தால், அந்த மெயில் அவருடைய அரசு முகவரியிலிருந்து வங்கியின் நோடல் அதிகாரிக்கு (போலீஸ் தொடர்புக்கான பொறுப்பாளர்) நேரடியாகப் போக வேண்டும். நீங்கள் ஃபார்வர்ட் செய்ததைக் கிளை ஏற்காது. நோடல் அதிகாரியின் முகவரியை முதல் மெயிலிலேயே சிசி-யில் போட்டுவிடுங்கள்.