பேக்வாஷ் செய்தும் நீச்சல் குளத்தில் நீர்வரத்து கூடவில்லை: பழுது எங்கே இருக்கலாம்?

கேள்வி:

வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தோப்பு வீட்டில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் கொண்ட சிறிய நீச்சல் குளம் இருக்கிறது. ஏறத்தாழ 45,000 லிட்டர் பிடிக்கும். 1.5 எச்பி மூன்று ஃபேஸ் பம்பும் மணல் ஃபில்டரும் வைத்திருக்கிறோம். பம்பு, குளத்து நீர்மட்டத்தைவிட ஓரடி உயரத்தில் உள்ளது. ஆடிக் காற்று தொடங்கிய பிறகு, குளத்துக்குள் நீர் திரும்பும் வாய்களில் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. அவற்றில் நீர்க்குமிழிகளும் வருகின்றன. ஃபில்டர் அடைத்திருக்கும் என்று எண்ணி ஒரே வாரத்தில் மூன்று முறை பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது) செய்தேன். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் வீணானதே தவிர, பலன் இல்லை. முன்பு 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டிய, ஃபில்டரில் உள்ள பிரஷர் கேஜ் (அழுத்தமானி) இப்போது 6 மட்டுமே காட்டுகிறது. ஃபில்டர் மணலை மாற்ற வேண்டியிருக்குமா?

மறுமொழி 1:

வணக்கம் ஐயா. மணலுக்குச் செலவு செய்ய வேண்டாம். உங்கள் கேஜே விடையைச் சொல்லிவிட்டது. ஃபில்டர் அடைத்திருந்தால் நீர்வரத்து குறையும்போது அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். சுத்தமான நிலையில் காட்டும் அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை கூடும்போதுதான் பேக்வாஷ் தேவைப்படுகிறது. வரத்தும் அழுத்தமும் சேர்ந்தே குறைந்தால், ஃபில்டருக்குப் போய்ச்சேரும் தண்ணீரே குறைவு என்று பொருள். ஆகவே பழுது பம்பிலோ, அதற்கு முன்னால் உள்ள உறிஞ்சு குழாயிலோதான் இருக்கும்.

முதலில் குளத்தின் நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரையும் மிதக்கும் குப்பையையும் இழுக்கும் சுவர்த் திறப்பு) வாயின் பாதி உயரத்திலாவது நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் ஸ்கிம்மர் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். பிறகு ஸ்கிம்மர் கூடையையும் பம்பின் முன்கூடையையும் கழுவுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால் பம்பு மூடியின் ஓ ரிங்கை (காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சந்தேகிக்க வேண்டும். பம்பு ஓடும்போது அந்த இடத்தில் தண்ணீர் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும் என்பதால் மூடி காய்ந்திருப்பதைப் பார்த்துப் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீரை ஊற்றுங்கள். சற்று நேரம் குமிழிகள் நின்றால் காற்று நுழையும் இடம் அதுவே. புது ஓ ரிங் போடும்போது சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரை ஊதச் செய்துவிடும்.

அடுத்து, ஸ்கிம்மர் வால்வையும் அடிவாய் (குளத்தின் தரையில் உள்ள உறிஞ்சும் வாய்) வால்வையும் மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் வரத்து குறைந்தால் அந்தக் குழாயில் அடைப்பு. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் பழுது இரு குழாய்களும் சேரும் இடத்துக்குப் பிறகு, அதாவது பெரும்பாலும் இம்பெல்லரில் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) இருக்கும். அடிவாய் மட்டும் இழுக்கும்போது குளத்தில் ஒருவரும், குறிப்பாகக் குழந்தைகள், இருக்கக் கூடாது. அந்த உறிஞ்சும் விசை தலைமுடியையும் உடலையும் பிடித்துக்கொள்ளக்கூடியது.

மறுமொழி 2:

மூன்று ஃபேஸ் மோட்டார் என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். காற்றுக் காலத்தில் கம்பி அறுந்து, மின்வாரியத்தினர் மீண்டும் இணைக்கும்போது இரண்டு ஃபேஸ்கள் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் தண்ணீர் அதே வழியில்தான் வரும், ஆனால் அழுத்தமும் அளவும் வெகுவாகக் குறைந்திருக்கும் என்பதால் இது எளிதில் பிடிபடுவதில்லை. மோட்டாரை நிறுத்தியதும் பின்புற விசிறி மெல்ல ஓயும்போது, அது பம்பின் மேலுள்ள அம்புக்குறியின் திசையில் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். மாறியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஏதேனும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் போதும். தாமதிக்க வேண்டாம், மரையில் பூட்டிய இம்பெல்லராக இருந்தால் எதிர்ச்சுழற்சியில் அது கழன்றுவிடவும் கூடும்.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சுழற்சி சரியாகவே இருந்தது. மூடியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றியதும் குமிழிகள் நின்றன. ஓ ரிங்கைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தது. அதை மாற்றியதும் குமிழி அடியோடு போயிற்று, ஆனால் அழுத்தம் 8 வரைதான் ஏறியது. இரு வால்வுகளிலும் வரத்து ஒரே அளவாக இருந்ததால், எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, பம்பைப் பிரித்துப் பார்த்தோம். குளத்தங்கரையில் நிற்கும் புளியமரத்தின் சிற்றிலைகள் கூடையின் துளைகள் வழியே நுழைந்து, இம்பெல்லரின் இதழ்களுக்கு நடுவே களிம்பு போல இறுகிக் கிடந்தன. வளைந்த கம்பியால் சுரண்டி எடுத்துப் பூட்டியதும் கேஜ் 12-க்கு வந்துவிட்டது. மரத்தை வெட்ட எங்களுக்கு மனமில்லை. இது திரும்ப நேராமல் தடுக்க வழி உண்டா?

மறுமொழி 1:

மரம் இருக்கட்டும் ஐயா. ஸ்கிம்மர் கூடைக்கு மெல்லிய நைலான் வலையுறை ஒன்றை மாட்டுங்கள். புளிய இலை அதைத் தாண்டாது. ஆனால் காற்றுக் காலத்தில் அந்த உறையைக் காலையும் மாலையும் கழற்றி அலச வேண்டும். ஒரு நாள் விட்டாலும் உறையே அடைத்துக்கொண்டு, கேஜ் மறுபடியும் 6-க்கு இறங்கிவிடும்.