அடுத்தவர் ஆடும் முறை வரும்போது நாம் எவ்வளவு பேசலாம்? உங்கள் மேசை அனுபவங்களைப் பகிருங்கள்

வேளச்சேரியிலிருந்து, டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்):

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு நண்பரின் மாடியறையில் நடத்தி வருகிறேன். சண்டையின்போது, பாத்திரமாக அல்லாமல் ஆட்டக்காரராகவே, ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வது எங்கள் மேசையில் வெகுகாலமாக இருந்துவந்த பழக்கம். அதை நான் கட்டுப்படுத்தக் காரணமான ஒரு மாலையைப் பற்றி எழுதுகிறேன்.

தீப்பிடித்த தானியக் களஞ்சியம் ஒன்றின் கீழ்த்தளத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் ஒரு சிறுவன் சிக்கியிருந்தான். குழுவுக்குப் புதிதாக வந்திருந்த கல்லூரி மாணவி மூன்றாம் நிலை (லெவல்) ரோக், அதாவது பதுங்கித் தாக்கும் வகைப் பாத்திரம், ஒருத்தியாக ஆடினார். அவருடைய முறை வந்ததும், எதிரே நின்ற ஹாப்காப்ளின் என்ற எதிரியை விட்டுவிட்டு ஏணியில் ஏறப் போவதாகச் சொல்லித் தன் மினியேச்சரை (பாத்திரத்தைக் குறிக்கும் சிறு பொம்மையை) கையில் எடுத்தார். உடனே மூன்று குரல்கள் எழுந்தன. "போகாத மா, ஆப்பர்சூனிட்டி அட்டாக் வாங்குவ" என்றார் ஒருவர்; விலகிச் செல்பவரை எதிரி அடிக்கும் அடி அது. "அங்கயே நில்லு, ஃபைட்டர் அதுக்குப் பக்கத்துலதான் இருக்காரு, ஸ்னீக் அட்டாக் கிடைக்கும்" என்று, ரோக்கின் கூடுதல் சேதத்தைச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் கை நீட்டி, அவருடைய மினியேச்சரைப் பழைய கட்டத்திலேயே வைக்கச் சொல்லிக் காட்டினார். அவர் சற்று நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிண்ணா, நீங்களே சொல்லுங்க, நான் டைஸ் மட்டும் உருட்டுறேன்" என்றார்.

ஹாப்காப்ளின் அந்த அடியிலேயே விழுந்தது. கணக்குப்படி அந்த யோசனை சரிதான். ஆனால் அதன் பிறகு அந்த மாலை முழுவதும், தன் முறை வரும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்கவில்லை, மற்ற மூவரையும் பார்த்து, "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றுதான் கேட்டார். நான்கு பாத்திரங்கள் இருந்த அந்தச் சண்டையை மூன்று பேர் மட்டுமே ஆடி முடித்தார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. இரண்டாம் நிலையிலிருந்து ரோக்குக்குக் கன்னிங் ஆக்‌ஷன் என்ற திறன் உண்டு. அதைக் கொண்டு, முறையில் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனாகவே டிஸ்என்கேஜ் செய்து, எதிரியிடம் அடி வாங்காமல் விலகிவிடலாம். அதாவது, அவர் விரும்பியபடியே ஏணியை நோக்கிச் சென்றிருக்க முடியும். மூன்று அனுபவசாலிகள் பேசியும், அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட அந்த ஒரு விதியை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. எது சிறந்த நகர்வு என்பதைச் சொல்வதில்தான் எல்லோருக்கும் அவசரம்.

ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எல்லோரிடமும் பேசினேன். மூத்த நண்பர் ஒருவர், இதே ஆட்டத்துக்கு 1981-இல் வந்த பேசிக் விதிநூலில் குழுவின் திட்டத்தை டிஎம்மிடம் சொல்வதற்கென்றே 'காலர்' என ஒருவரைத் தேர்ந்தெடுக்க இடமுண்டே என்று கேட்டார். உண்மைதான், ஆனால் குழுவின் முடிவை எடுத்துச் சொல்வதும், இன்னொருவருக்காக முடிவெடுப்பதும் ஒன்றல்லவே. சண்டையில் ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. அந்த நேரத்தில் ஒரு பாத்திரம் வாய்விட்டுக் கத்தக்கூடியதை யாரும் தாராளமாகக் கத்தலாம். விதியைப் பற்றிய தகவலையும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். எதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும், முறைக்குரியவர் கேட்டாலொழியச் சொல்லக் கூடாது. இப்படித்தான் முடிவு செய்தோம். அடுத்த வாரமே அந்த மாணவி தன் பாத்திரத்தாளில் கன்னிங் ஆக்‌ஷன் என்ற வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பெரம்பூரிலிருந்து, மறுமொழி:

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்துடன். எங்கள் குழுவில் விசார்ட் (மந்திரவாதி) ஆடுபவர் முதன்முறையாக ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் பயன்படுத்தவிருந்தபோது, அவர் குறித்த இடத்திலிருந்து எங்கள் கிளெரிக் (மதகுருப் பாத்திரம்) மிக அருகில் நின்றிருந்தார். அந்த ஸ்பெல் 20 அடி ஆரத்துக்குப் பரவும். ஐந்தடிக் கட்டங்களில் அது நான்கு கட்டம். எட்டு ஆறுபக்கப் பகடைகளின் சேதத்தைத் தாங்கும் நிலையில் கிளெரிக் இல்லை. வரைபடத்தைப் பார்க்கும் நமக்குத் தூரம் பிடிபடாமல் போகலாம்; ஆனால் களத்தில் நிற்கும், பல ஆண்டுகள் மந்திரம் பயின்ற ஒரு விசார்டுக்கு அது பிடிபடாமல் போகாது. பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கும் ஒன்றை ஆட்டக்காரருக்கு நினைவூட்டுவது அந்தப் பாத்திரத்துக்குச் செய்யும் மரியாதை என்றே கருதுகிறேன். அன்று ஃபைட்டர் ஆடியவர், "ஃபயர்பால் எவ்ளோ தூரம் பரவும் பா?" என்று மட்டும் கேட்டார். விசார்ட் ஆடியவர் விரலால் கட்டங்களை எண்ணிப் பார்த்து, தானே இரண்டு கட்டம் தள்ளிக் குறித்தார். ஆகவே, கேட்டாலொழியப் பேசக் கூடாது என்பதை அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அடையாறிலிருந்து, மறுமொழி:

இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்: பாத்திரத்துக்குத் தெரியாதது ஆட்டக்காரருக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்வது? ட்ரால் என்னும் அரக்கனின் காயங்கள் தாமாகவே ஆறிக்கொண்டிருக்கும் என்பதும், தீயோ அமிலமோ பட்டால் அது தடைப்படும் என்பதும் பழைய ஆட்டக்காரர்களுக்கு மனப்பாடம். எங்கள் மேசையில் புதியவர் ஒருவர் வாளால் வெட்டிக்கொண்டே இருந்தார். ரேஞ்சர் (காடறிந்த வீரன்) ஆடிய நண்பருக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர் புதியவரிடம் பேசாமல் டிஎம்மிடம், "என் ஆளு மலையடிவாரத்துல வளந்தவன், இதைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பானா?" என்று கேட்டார். பாத்திரத்துக்கு இயற்கை பற்றிய அறிவு உண்டா என்று பகடையால் பார்க்கும் நேச்சர் செக்கை உருட்டச் சொன்னார் டிஎம். பகடையில் ஏழு விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இத்தகைய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அந்தச் சண்டையில் நாங்கள் மேலும் சில சுற்றுகள் அடி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில், கையில் இருந்த தீப்பந்தத்தையே ஆயுதமாக வீசிய புதியவர், டிஎம்மின் அடுத்த வர்ணனையைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து, "டேய், இந்தக் காயம் மட்டும் மூடவே இல்லடா!" என்றார்.