பினாங்கில் உறைப்பும் பாட்டும் ஒரே இரவில் கிடைக்குமா?

பினாங்கு நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த சனிக்கிழமை அண்ணனும் நானும் ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் ஃபெர்ரி. ஜார்ஜ் டவுனில் சூலியா ஸ்ட்ரீட் பக்கம் தங்குகிறோம்.

முதலில் நாசி கண்டார், அதாவது சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் பினாங்குச் சாப்பாடு. 1907-இல் தொடங்கிய ஹமீதியா கடை எங்களுக்குத் தெரியும், அதைத் தவிர்த்துச் சொல்லுங்கள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாம் கலந்து சோறு முங்கும்படி ‘பாஞ்சிர்’ ஊற்றி, ஓரத்தில் வெண்டைக்காய் வைத்துத் தர வேண்டும். அண்ணனுக்கு நெற்றி வேர்க்காவிட்டால் அது சாப்பாடே இல்லை. போன முறை ஒரு கடையில் குழம்பு இனித்தது, இன்றுவரை புலம்புகிறார்! இரவு பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும் கடை என்றால் இன்னும் நல்லது.

அடுத்து நேரடி இசை. லவ் லேன் பார்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் குடிப்பதில்லை, தே தாரேவோ (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) காப்பியோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்க இடம் உண்டா? தமிழ்ப் பாட்டுப் பாடும் குழு இருந்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் மாலைப் பூஜைக்கு நாதஸ்வரம் வாசிப்பார்களா? அதையும் சொல்லுங்கள். கடையும் பாட்டுக் கேட்கும் இடமும் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்தால் வசதி.