பின்பக்க சஸ்பென்ஷனுக்கு என்ன சொல்லலாம்? திங்கட்கிழமைக்குள்ள வேணும்

மொழிபெயர்ப்பாளர், கோவை:

குழுவுக்கு வணக்கம். ஒரு அவசரம். பிக்கப் வண்டியோட பின்பக்க சஸ்பென்ஷனை ஆஃப்ரோடுக்காக மாத்துற கிட் ஒண்ணு வருது, இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸுக்கு. அதை மாட்டுற கையேட்டைத் தமிழாக்கிக்கிட்டிருக்கேன், திங்கட்கிழமை காலைல கொடுக்கணும். கூடாரம், தண்ணி டேங்க், ஸ்பேர் வீல் எல்லாம் பின்னாடி ஏத்திக்கிட்டு மலைத்தடத்துல போறவங்களுக்கு வண்டி பின்னாடி அமுங்கிடுது, அதனால கம்பெனிப் பட்டைக்கட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங் அடுக்கைக் கழட்டிட்டு கனமான கட்டு, புது ஷாக்அப்சர், நீளமான ஷேக்கிள் (பட்டையோட ஒரு முனையை வண்டிச் சட்டகத்தோட இணைக்கிற துண்டு) போடுறாங்க, இதான் விஷயம். நான் வேலை செய்யற மென்பொருள் ஒவ்வொரு தடவையும் "பின்புற இடைநீக்கம்"னு கொண்டுவந்து வைக்குது. ஊழியரை வேலையிலேர்ந்து நிறுத்தி வைக்கிறதுக்கான சொல் அது, அச்சுக்கும் சக்கரத்துக்கும் அதை எப்படிப் போடறது? எனக்கு வேண்டியது நாலு சொல்: சஸ்பென்ஷன், லீஃப் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிராக்ரெசிவ் ரேட். படிக்கப்போறது வண்டிக்கு அடியில படுத்து வேலை பாக்குறவங்கன்றதை மனசுல வச்சு சொல்லுங்க.

பட்டறை, நாமக்கல்:

தங்கச்சி, லீஃப் ஸ்பிரிங்குக்கு சொல் தேடவே வேண்டாம், இருக்கு. கமான் பட்டை. முழுக்கட்டையும் சேத்துச் சொன்னா கமான் கட்டு. மேல இருக்கறது மெயின் பட்டை, அதோட ரெண்டு முனையிலயும் சுருட்டியிருக்கறது கண்ணு, கண்ணுக்குள்ள புஷ், பட்டையெல்லாம் சேத்துப் புடிக்கறது சென்டர் போல்ட்டு, அச்சோட சேத்து இறுக்கறது யு போல்ட்டு. லாரிக்காரர்ல இருந்து பழைய பட்டைல அருவா அடிக்கற கொல்லர் வரைக்கும் எல்லாருக்கும் இதுதான் பேரு. சஸ்பென்ஷன்னா சஸ்பென்ஷன்தான், பையன் கூட சொல்லுவான். ஷாக்அப்சரும் அப்படித்தான்.

புலவர் ஐயா:

அன்பர்க்கு வணக்கம். கமான் என்பது பாரசீகச் சொல். அதன் பொருள் வில். நம்மிடமே வில் இருக்க அயலார் வில்லை ஏன் ஏந்த வேண்டும்? இரட்டை மாட்டு வண்டிக்கு அடியில் இரும்புப் பட்டைகளை வளைத்து அடுக்கிப் பூட்டியபோது நம் மக்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? வில்வண்டி. எந்தக் குழுவும் கூடி வைத்த பெயர் அன்று அது, வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள் வைத்தது. ஆகவே லீஃப் ஸ்பிரிங் என்பது வில், அதன் ஒரு தகடு விற்பட்டை, சேர்ந்த கட்டு விற்கட்டு. இலைவில் என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறார்கள், பட்டையைப் பார்த்து எழுதவில்லை.

சஸ்பென்ஷனுக்குத் தொங்கல் என்று சிலர் எழுதுவர். வேதியியலில் கலங்கல் நீரில் துகள் மிதப்பதற்கு அதை ஏற்கலாம். வண்டிக்கு ஆகாது. மேலைநாட்டுக் குதிரைவண்டிகளில் ஒரு காலத்தில் உடற்கூட்டைத் தோல்வார் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. 1804-இல் ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றபின் கூடு வில்லின்மேல் அமர்ந்துவிட்டது, சொல் மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. நாம் ஏன் அவர்களுடைய தோல்வாரைச் சுமக்க வேண்டும்? ஏந்தமைப்பு என்க. தாங்குவது தூணின் வேலை, அது அசையாது. ஏந்துவது கையின் வேலை, அது சுமைக்கேற்ப இறங்கும், ஏறும்.

பட்டறை, நாமக்கல்:

ஐயா, ஏந்தமைப்புன்னு போட்டா பசங்க ஜாக்கின்னு நெனச்சுக்குவாங்க. வண்டியத் தூக்கி ஏந்தறது அதுதானே. "பின் ஏந்தமைப்பைப் பொருத்துக"ன்னு படிச்சா டிஃபரன்ஷியலுக்கு அடியில ஜாக்கியக் கொண்டுபோயி வைப்பாங்க. அதோட சேஸிஸை ஸ்டாண்டுல நிறுத்தி அச்சுக்குத் தனியா முட்டுக் குடுத்துத்தான் கட்டைக் கழட்டறோம், அந்த நேரத்துல ஏந்துறது எது தாங்குறது எதுன்னு ஒருத்தன் குழம்பினா கை போயிரும்.

ஐடிஐ ஆசிரியர்:

பட்டறை அண்ணன் சொல்றதுல உண்மை இருக்கு, ஆனா எனக்கு இன்னொரு கவலை. வகுப்புல ஸ்பிரிங்னாலே சுருள்வில்னு பழகிட்டாங்க, பள்ளிப் பாடநூல்ல அப்படித்தான் வருது. வி-கிராஸ்ல முன்னாடி இருக்கறது சுருள், பின்னாடி பட்டை. பின்னாடி சுருளே கிடையாது. அதனால வில்ங்கறது பொதுப்பேரு, சுருள்வில் பட்டைவில்னு ரெண்டு வகைன்னு பிரிச்சாத்தான் பாடம் நடத்த முடியும். தனித்தகடு பட்டை, சேர்ந்தது பட்டைவில். ஐயாவோட விற்பட்டையைப் படிச்சா பையன் விற்பனைக்கு உள்ள பட்டைன்னு நினைப்பான், இதை நான் சும்மா சொல்லல.

பிராக்ரெசிவ் ரேட்டுக்கு வருவோம், கையேட்டுல முக்கியமான இடமே அதுதான். ஸ்பிரிங் கான்ஸ்டன்ட்டைப் புத்தகத்துல சுருள்மாறிலிம்பாங்க. இந்தக் கிட்ல அது மாறிலியே இல்ல. லோடு இல்லாம போகும்போது மேல இருக்கற மெல்லிசுப் பட்டைங்க மட்டும் வேலை செய்யும், லோடு ஏற ஏற கீழ இருக்கற கனத்த பட்டை வந்து ஒட்டும், அப்ப கட்டு விறைக்கும். காலிவண்டி துள்ளாது, லோடு வண்டி உக்காராது. இதைப் போயி "முற்போக்கு விகிதம்"னு யாராவது எழுதிட்டா அரசியல் கட்டுரை ஆயிடும், தயவுசெஞ்சு வேண்டாம். ஏறுவிறைப்புன்னு சொல்லலாம், எல்லா லோடுக்கும் ஒரே மாதிரி இருக்கறது சமவிறைப்பு.

விறைப்புன்னதும் ஒண்ணு சொல்லணும், மொழிபெயர்க்கிற தங்கச்சிக்கும் உதவும். பட்டையோட விறைப்பு அதோட கனத்தின், அதாவது திக்னஸோட, மூணாம் படிக்குப் போகும். கனம் 10 சதவீதம் கூடினா விறைப்பு 33 சதவீதம் கூடிடும். ஆனா அதே கனத்துல மூணு பட்டையோட நாலாவதா ஒண்ணு சேத்தா மூணுல ஒரு பங்குதான் கூடும். அதனால கையேட்டுல திக்னஸ்னு வர்ற இடத்துல "தடிமன்"னு திட்டமா எழுதுங்க, கனமான பட்டைன்னா பசங்க எடையில கனம்னு எடுத்துக்குவாங்க.

மெல்பேர்ண்:

வணக்கம் எல்லாருக்கும். இஞ்ச பிக்கப்பை யூட் எண்டு சொல்லுவினம், எனக்கும் ஒரு ஹைலக்ஸ் நிக்குது, பின்னுக்குப் பட்டைவில்தான். நாங்கள் யாழ்ப்பாணத்தில படிக்கேக்க ஸ்பிரிங்குக்கு வில் எண்டும், ஸ்பிரிங் பலன்ஸுக்கு விற்றராசு எண்டும்தான் படிச்சனாங்கள். எங்களுக்கு ஆரும் அதை விற்கிற தராசு எண்டு விளங்கேல்லை. ஆனபடியால் விற்பட்டை விளங்காது எண்ட கதையை நான் ஏற்கமாட்டன். பழகினால் விளங்கும்.

மற்றது, கையேட்டில காத்துப்பை பற்றி ஏதும் இருக்கோ? இஞ்ச கனபேர் பட்டையை மாத்தாமல் அச்சுக்கு மேல காத்துப்பையை வைச்சுக் காத்தடிச்சு வண்டியை நிமித்திப்போட்டு, பின்னால கரவனையும் கொளுவிக்கொண்டு காட்டுப்பாதையில போறவை. பட்டைவில் சுமையை முன்முனை பின்முனை எண்டு ரெண்டு இடத்தில சட்டகத்துக்குக் குடுக்கிறது, பை அதை நடுவில ஒரே இடத்தில குடுக்குது. கபினுக்குப் பின்னால சட்டகம் வளைஞ்ச யூட்டுகளை இஞ்ச கண்டிருக்கினம். அப்பிடி எச்சரிக்கை இருந்தால் சொல்லுத் தேடுறதை விட்டிட்டு அதை முதல்ல துல்லியமாய் எழுதுங்கோ பிள்ளை.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

இருக்கு அண்ணா, ஒரு பக்கமே இருக்கு. "காற்றுப்பை"ன்னு போட்டுட்டேன், அதுல யாருக்கும் சண்டை இருக்காதுன்னு நம்பறேன். ஷாக்அப்சருக்கு அதிர்வுதாங்கி சரியா?

ஐடிஐ ஆசிரியர்:

சரியில்லம்மா. அதிர்வைத் தாங்கறது வில்லு. வில்லு தாங்கினப்புறம் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்குமே, அந்த ஆட்டத்தை அடக்கறதுதான் ஷாக்அப்சர். ஆங்கிலப் பேரே தப்பு, அதைத் தமிழ்ல வேற எதுக்குக் காப்பாத்தணும்? தடையுறு அலைவுன்னு பதினொண்ணாம் வகுப்புல இருக்கு, அதையொட்டி அலைவடக்கி. பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசறதுலயே கொஞ்சம் அலைவு அடங்கும், மீதியை ஆயில் அடக்கும். கரடுமுரடான தடத்துல மணிக்கணக்கா ஓடினா ஆயில் சூடாகி நுரைச்சு அடக்கற சக்தி குறைஞ்சுடும், அதனாலதான் நைட்ரஜன் நிரப்பினதைப் போடறாங்க. அதிர்வுதாங்கின்னு படிச்சவனுக்கு இது எதுவுமே புரியாது, அலைவடக்கின்னா சொல்லே சொல்லிடும்.

புலவர் ஐயா:

அலைவடக்கி நன்று. வழிமொழிகிறேன்.

விற்பட்டைக்கு வருகிறேன். நன்னூல் 227: "லள வேற்றுமையில் றடவும், அல்வழி அவற்றோடு உறழ்வும் வலிவரின் ஆம்". வில்லினது பட்டை எனக் கொண்டால் வேற்றுமை, விற்பட்டை என்றே ஆகும். வில்லாகிய பட்டை எனக் கொண்டால் அல்வழி, உறழலாம், வில்பட்டை என இயல்பாகவும் நிற்கும். ஆசிரியரின் அச்சத்திற்கு இலக்கணமே வழி விட்டிருக்கிறது. ஆனால் தனித்தகடு வில்லின் உறுப்பு, அதுவே வில் அன்று. ஆகவே உறுப்பைக் குறிக்கையில் விற்பட்டை, ஒரே தகடாலான வில்லைக் குறிக்கையில் வில்பட்டை. இந்த வேறுபாட்டை ஒரு வல்லின மெய்யால் காட்ட முடிகிறதே, வேறெந்த மொழியில் இது கிடைக்கும்?

இன்னொன்று. ஆஃப்ரோடு என்பதற்கு யாரும் சொல் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புறநானூறு 102, ஔவையார். எருது இளையது, நுகம் அறியாதது, சகடத்தில் பண்டம் பெரிது, "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்ன நேருமோ யார் அறிவார் என்று உப்பு வணிகரான உமணர் கீழ்மரத்தில் சேமவச்சு, அதாவது மாற்று அச்சு, கட்டிச் சென்றார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழி, அளவுக்கு மீறிய பாரம், வண்டிக்கு அடியில் கூடுதல் இரும்பும் மரமும். இந்தக் கையேடு முழுவதும் அந்த அடிகளுக்கு உரை அல்லவா? அவல்மிசைத் தடம் என்று எழுதுங்கள். கூடுதலாகச் சேர்க்கும் பட்டையைச் சேமப்பட்டை என்னுங்கள்.

பட்டறை, நாமக்கல்:

ஐயா பாட்டு ரொம்ப நல்லா இருக்கு, உப்பு வண்டிக்காரங்க அப்பவே ஸ்பேர் அச்சு கட்டிட்டுப் போயிருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன், பசங்ககிட்டயும் சொன்னேன். ஆனா அவங்க கட்டினது ஒடஞ்சா மாத்தறதுக்கு. நாங்க சேக்கற பட்டை ஒடஞ்சா மாத்தறது இல்ல, மத்த பட்டையோட சேந்து எப்பவும் வேலை செய்யறது. ஹெல்ப்பர் பட்டைங்கறோம். சேமப்பட்டைன்னா ஸ்பேர்னு எடுத்து டூல்ஸ் பெட்டில போட்டுருவான்.

மெல்பேர்ண்:

துணைப்பட்டை எண்டால் என்ன?

பட்டறை, நாமக்கல்:

அது சரி. அது புரியும்.

ஐடிஐ ஆசிரியர்:

அவல்னா இன்னைக்குப் பையனுக்கு சாப்பிடுற அவல்தான் ஐயா. கரட்டுத்தடம்னு போடலாம், கரடு முரடுன்னு தினம் பேசற சொல்.

புலவர் ஐயா:

அவர்களுக்குத் தெரியாத சொல்லை எல்லாம் விலக்கிக்கொண்டே போனால் ஒருநாள் வில்லும் தெரியாமல் போகும். தெரியாத சொல்லைத் தெரியவைப்பது ஆசிரியரின் கடமை என்று எண்ணியிருந்தேன்.

ஐடிஐ ஆசிரியர்:

வகுப்புல கடமைதான், நான் மறுக்கல. வண்டிக்கு அடியில படுத்திருக்கறவனுக்குப் பக்கத்துல ஆசிரியர் இல்ல, அந்தத் தாள் மட்டுந்தான் இருக்கு. ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினா வண்டி சுமார் 1 அங்குலந்தான் உயரும், அச்சோட கோணம் திரும்பும், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் சாயும், பிரேக் ஹோஸ் இழுபடும், பின்பக்க உயரத்தை வச்சு பிரேக் அழுத்தத்தை மாத்துற வால்வு இருக்கற வண்டியா இருந்தா அதையும் சரி பண்ணணும். இதுல ஒரு வரி புரியாம விட்டா இறக்கத்துல பிரேக் சரியாப் பிடிக்காது. நான் சொற்களுக்கு எதிரி இல்ல ஐயா, அந்த வரி ஒவ்வொண்ணையும் தடங்கலில்லாம படிக்கணும்ங்கறேன்.

இன்னொண்ணு தங்கச்சி, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு, தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு. உயரம் கூட்டற பகுதிக்கு முன்னாடி ஆர்டிஓவில கேட்டுக்கங்கன்னு ஒரு குறிப்பு போடச் சொல்லுங்க.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

குறிப்பு போடச் சொல்லி எழுதிட்டேன் சார். இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி. சஸ்பென்ஷனுக்கு இன்னும் முடிவாகல. இதுவரைக்கும் ஏந்தமைப்பு, தாங்கமைப்பு, வில்லமைப்பு, சஸ்பென்ஷனே இருக்கட்டும்னு நாலு இருக்கு. மெல்பேர்ண் அண்ணா தனி மடல்ல "தாங்கல்" போதும்னாங்க, சின்னதா நல்லா இருக்கு, ஆனா வேடந்தாங்கல் பழவந்தாங்கல்ல வர்ற ஏரி ஞாபகம் வருது. ஆளுக்கு ஒண்ணு சொல்லிடுங்க, விளக்கம் வேண்டாம்.

பட்டறை, நாமக்கல்: சஸ்பென்ஷன். இல்லாட்டி தாங்கமைப்பு.

மெல்பேர்ண்: தாங்கமைப்பு.

ஐடிஐ ஆசிரியர்: தாங்கமைப்பு. வில்லமைப்புன்னா அலைவடக்கியும் ஷேக்கிளும் வெளிய போயிடும்.

புலவர் ஐயா: ஏந்தமைப்பு.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

எல்லாருக்கும் நன்றி. இப்படி அனுப்பறேன். முதல் இடத்துல "சஸ்பென்ஷன் எனப்படும் தாங்கமைப்பு", அப்புறம் தாங்கமைப்பு மட்டும். சேர்ந்த கட்டு பட்டைவில், தனித்தகடு கமான் பட்டை. ஷாக்அப்சர் முதல் தடவை மட்டும், பிறகு அலைவடக்கி. ஏறுவிறைப்பு, துணைப்பட்டை, கரட்டுத்தடம் அப்படியே. சென்டர் போல்ட், யு போல்ட், ஷேக்கிள், புஷ் எதையும் தொடல.

புலவர் ஐயா:

பட்டைவில்லும் கமான் பட்டையும் ஒரே பக்கத்தில் வருவதை ஏற்கவில்லை. ஒரே பொருளுக்கு வில்லும் கமானும் இருப்பது படிப்பவனைத்தான் குழப்பும். குழுவின் சொற்பட்டியலில் விற்பட்டை, ஏந்தமைப்பு இரண்டையும் என் மறுப்பாகப் பதிந்துவையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது இதே இழையில் தொடர்வேன்.

பட்டறை, நாமக்கல்:

தொடருங்க ஐயா. தங்கச்சி, பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாதுன்னும், புதுசை வண்டி கொஞ்சம் ஓடினப்புறம் லோடோட நிறுத்தி இன்னொரு வாட்டி இறுக்கணும்னும் கையேட்டுல இருக்கான்னு பாரு. இருந்தா தடிச்ச எழுத்துல போடு.