செப்டம்பர் 16: லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களோடு சேர்ந்து விருந்து, என்ன சமைக்கலாம்?

பிஜே_தாமான்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பாளர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வேலைக்கும் படிப்புக்கும் கோலாலம்பூர் பக்கம் வந்திருக்கும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் சில சேர்ந்து லாப நோக்கமில்லாத சிறு குழு ஒன்று நடத்துகிறார்கள். மெக்சிகோ, கொலம்பியா, வெனிசுவேலா, பெரு ஆட்கள், ஒரே ஒரு பிரேசில் குடும்பம். பிள்ளைகள் இங்கே ஆங்கிலத்திலேயே வளர்கிறார்கள், ஊர்ச் சாப்பாடும் பண்டிகையும் கைவிட்டுப் போய்விடும் என்று அவர்களுக்குக் கவலை (நமக்குத் தெரியாத கவலையா அது). அதற்காக அவ்வப்போது கூடிச் சமைப்பார்கள். இந்த முறை எங்கள் மண்டபத்தைக் கேட்டார்கள், கேட்ட தேதி செப்டம்பர் 16.

நமக்கு அது மலேசியா தினம். மெக்சிகோவுக்கும் அன்றுதான் சுதந்திர தினம், 1810இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ச்சி தொடங்கிய நாள். முந்தின நாள் 15ஆம் தேதி குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா என்று ஐந்து நாடுகளுக்கு. 18ஆம் தேதி சிலே. குடியிருப்பாளர்களும் கலந்துகொள்வதாக இருந்தால் மண்டபம் இலவசம் என்று செயற்குழு சொல்லிவிட்டது. எங்கள் தாமானில் பாதிக்கு மேல் தமிழர்கள், அப்புறம் மலாய், சீனக் குடும்பங்கள்.

செயற்குழுவின் திட்டம் என்னவென்றால் அந்தப் பக்கம் அவர்கள் மேசை, இந்தப் பக்கம் நம் மேசை, நம் மேசையில் வடை முறுக்கு, ஒரு பரதம், ஒரு சல்சா, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கு இது பிடிக்கவில்லை. தட்டை நிரப்பிக்கொண்டு அவரவர் ஆட்களோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள், யாரும் யாரோடும் பேசப்போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே அடுப்படியில் சேர்ந்து செய்யக்கூடிய பலகாரம் ஏதாவது இருக்கிறதா? தாமாலே என்று மக்காச்சோள மாவை இலையில் மடித்து அவிப்பதைச் சொல்கிறார்கள், ஆனால் அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கமாம். மலாய்க்காரர்களும் வருவார்கள், நம்மில் மாடு தொடாதவர்களும் சுத்த சைவமும் உண்டு. மாவு வேறு இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை, ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் கொண்டுவருகிறார்களாம். யோசனை சொல்லுங்கள்.

கிள்ளான்காரன்:

அக்கா, விருந்துச் சமையல்தான் என் தொழில், அதனால் தொல்லை தரும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் ‘ஹலால்’ என்று எழுதி ஒட்டாதீர்கள். 2011 ஆணைப்படி ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில இஸ்லாமிய மன்றத்தின் சான்று இல்லாமல் அந்தச் சொல்லைப் போட்டால் குற்றம். ‘பன்றி இல்லை’ என்று எழுதுவது அதற்கு மாற்றும் இல்லை, மலாய்க்காரர்கள் அதைப் பார்த்துக் கூடுதலாகச் சந்தேகப்படுவார்கள். அன்று சமையல் முழுக்க சைவம், மது கிடையாது, பாத்திரம் புதிது அல்லது காகிதத் தட்டு. இதை அழைப்பிதழிலேயே போடுங்கள். கோழி வேண்டுமென்றால் அந்த ஒரு குண்டானை மலாய்க் குடும்பம் ஒன்றின் பொறுப்பில் விடுங்கள், அவர்களே வாங்கி அவர்களே சமைக்கட்டும். நான் பார்த்தவரை ஆட்கள் பயமில்லாமல் சாப்பிட இதைவிட நல்ல வழி இல்லை.

விற்காதீர்கள். ஒரு ரிங்கிட் வாங்கினாலும் உரிமம், உணவு கையாளும் பயிற்சி, டைபாய்டு ஊசி என்று கேள்வி வரும். பங்கிட்டுச் சாப்பிடுங்கள், செலவுக்கு முன்கூட்டியே வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொள்ளுங்கள்.

கொழுப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெயோ வெண்ணெயோ தாராளமாகப் போதும். கொழுப்பின் வேலை மாவை லேசாக்குவது, அவ்வளவுதான். எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது மாவோடு சேர்த்து நன்றாக அடித்துவிட்டு, ஒரு சின்ன உருண்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நம் ஊர் வெயிலில் உருகிவிடும், குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள்.

சிகாகோ_ரிட்டர்ன்:

படிக்கப் போய் அப்புறம் வேலை என்று சிகாகோவில் பில்சன் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தேன், மெக்சிகோக்காரர்கள் அதிகம் வாழும் இடம். 1987இல் அங்கே திறந்த மெக்சிகோ கலை அருங்காட்சியகத்துக்கு இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே சின்னச் சின்ன லத்தீன் சமூக அமைப்புகள் நிறைய, செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதம் கொண்டாடுவார்கள். 1968இல் அமெரிக்க அரசு ஒரு வாரமாகத் தொடங்கியதை 1988இல் மாதமாக நீட்டினார்கள். மாத நடுவில் தொடங்குகிறதே என்று நினைப்பீர்கள், நீங்கள் சொன்ன அந்தச் சுதந்திர நாட்கள்தான் காரணம்.

இந்த அமைப்புகளில் மேசை போட்டு நடக்கும் விழாக்கள் எல்லாமே நீங்கள் பயப்படுகிற மாதிரித்தான் முடியும். யார் மனதிலும் நிற்காது. ஆனால் டிசம்பரில் தாமாலாதா என்று ஒன்று வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் சொந்தபந்தம் அக்கம்பக்கம் எல்லாம் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் தாமாலே மடிப்பது. ஒருவர் இலை துடைப்பார், அடுத்தவர் மாவு தடவுவார், அடுத்தவர் பூரணம், கடைசி ஆள் மடித்துக் கட்டுவார். பாட்டி ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பாள். தீபாவளிக்கு முன் அத்தை பெரியம்மா எல்லாம் கூடி முறுக்குச் சுடும்போது நடக்கும் அதே வம்பு, அதே சிரிப்பு. மொழி தெரியாதவன்கூட பக்கத்து ஆளோடு பேசித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இலை வந்து சேராது.

ஆகவே விழாவே மடிக்கும் வேலையாக இருக்கட்டும். காலையில் மடித்து மதியம் அவித்துச் சாப்பிடுங்கள். வடக்கு மெக்சிகோவில் சோள மட்டையில் மடிப்பார்கள், ஓஹாகா போன்ற தெற்கு மாநிலங்களில் வாழை இலை. வெனிசுவேலாவின் கிறிஸ்துமஸ் அயாக்காவும் நிகராகுவாவின் நாக்காதாமாலும் இதே வகைப் பலகாரம்தான், அவையும் வாழை இலையில்தான். வாழை இலையைத் தணலில் வாட்டுவதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நமக்கும் வேண்டாம். பூரணத்துக்குக் கறுப்பு பீன்ஸ் மசியல், பச்சை மிளகாயும் சீஸும், மசாலா உருளைக்கிழங்கு. சுத்த சைவம் பார்ப்பவர்கள் சீஸில் ரென்னெட் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பாலுறைப் பொருள்) இருக்கிறதா என்று கேட்பார்கள், பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள், பெரிய வைக்கோல் தொப்பியும் ஒட்டு மீசையும் வாங்கி மாட்டாதீர்கள். ‘இது உங்கள் சிங்கோ தே மாயோவா’ என்றும் கேட்காதீர்கள். அது 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள், சுதந்திர தினம் வேறு. அதிலும் உங்கள் குழுவில் கொலம்பியாக்காரரும் பெருக்காரரும் இருக்கும்போது எல்லோரையும் மெக்சிகோவாக்கினால் முகம் சுளிப்பார்கள்.

செந்தூல்78:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நம் தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிக்கு ஆள் வருவதில்லை, நம் கலை அமைப்புகள் வாடகை கட்ட முடியாமல் தவிக்கின்றன, இதில் இரண்டு வருடத்தில் வேலை மாறிப் போய்விடும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மண்டபம் இலவசமா? நாம்தான் எப்போதும் வாசல் திறப்பது, நம்மை யார் கூப்பிடுகிறார்கள்?

தோட்டத்துப்பிள்ளை:

தம்பி செந்தூல், உங்கள் ஆதங்கம் புரிகிறது, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தே ஓய்வு பெற்றவன் நான். ஆனால் இந்த ஆட்களோடு நமக்கு இருக்கும் தொடர்பு விருந்தாளித் தொடர்பு அல்ல. நாம் இங்கே இருப்பதற்கே அவர்கள் ஊர் மரம் ஒன்று பெருங்காரணம்.

ரப்பர் மரம் அமேசான் காட்டு மரம். 1876இல் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பாலானவை சிலோனுக்குப் போயின, அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அதிலிருந்து சில எங்கள் பேராக்கில் கோலகங்சாருக்கு. அங்கே ஒரு பழைய மரத்தை வேலி போட்டு இன்னும் காட்டுகிறார்கள். மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் ரிட்லி கண்டுபிடித்த பிறகு தோட்டம் தோட்டமாக நட்டார்கள், பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது, கங்காணி கிராமத்துக்கு வந்தான், நம் பாட்டன் பாட்டி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். மீதி உங்களுக்கே தெரியும்.

அந்தப் பக்கம் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெரு எல்லையில் புத்துமாயோ ஆற்றங்கரையில் ரப்பருக்காகப் பழங்குடி மக்களை அடிமைகளாக்கிக் கொன்றார்கள், அதைச் செய்த கம்பெனியின் பங்குகள் லண்டனில் விற்றன. இங்கே லயத்து வீட்டில் நாம் வெட்டிய மலிவுப் பால் சந்தைக்கு வந்ததும் 1910களில் பிரேசிலின் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. 1928இல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அதே தபாஜோஸ் கரையில் தோட்டம் போட்டுப் பார்த்தார், நெருக்கமாக நட்ட மரங்களை இலைக்கருகல் பூஞ்சை தின்றுவிட்டது. அந்தப் பூஞ்சை இந்தப் பக்கம் பரவாததால்தான் இங்கே மரம் பிழைத்தது. பெருக் குடும்பமும் பிரேசில் குடும்பமும் இருக்கிறார்கள் என்கிறீர்கள், நீள மேசையில் இந்தப் பேச்சு எடுத்தால் சாயங்காலம்வரை ஓடும்.

சாப்பாட்டில் மரவள்ளிக்கிழங்கை விட்டுவிடாதீர்கள். அதுவும் அந்த மண்ணின் பயிர்தான். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் தோட்டமே அதைத் தின்று உயிர் பிழைத்தது, என் அம்மா சாகும்வரை அதைத் தட்டில் வைக்க விடவில்லை. பிரேசில்காரர்கள் அதே கிழங்கு மாவில் சீஸ் போட்டுச் சின்ன உருண்டையாகச் சுடுவார்கள், பாவ் தெ கேஜோ என்று பெயர், குழந்தைகள் விடமாட்டார்கள். இன்னொன்று, மெக்சிகோவில் கொலிமா என்ற கடலோர மாநிலத்தில் தென்னங்கள் இறக்குகிறார்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் போன பிலிப்பைன்ஸ் ஆட்கள் கற்றுக்கொடுத்த தொழில். கள்ளுக்கடை அரசியலை இங்கே கிளப்பவில்லை, தகவலுக்குத்தான்!

பாயான்லெப்பாஸ்_மீனா:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மாவு விஷயம் யாரும் சொல்லவில்லையே. சூப்பைக் கெட்டியாக்க நம் கடையில் விற்கும் வெள்ளை மாவு வெறும் சோள ஸ்டார்ச், அதை வாங்கிவிடாதீர்கள், பசையாகிவிடும். தாமாலேவுக்கு முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 10 கிராம் சுண்ணாம்பு போதும். சமையலுக்கான தூள் கிடைக்காவிட்டால் வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு லிட்டில் இந்தியாவில் எந்தக் கடையிலும் உண்டு. சாயம் வாசனை கலக்காததாக வாங்குங்கள், அதில் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கால்நடைத் தீவனச் சோளம் வேண்டாம், மனிதர் சாப்பிடும் தரத்தில் இருக்காது. இனிப்புச் சோளமும் உதவாது.

இந்தச் சுண்ணாம்பு ருசிக்கு மட்டும் இல்லை. சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தை அதுதான் விடுவிக்கிறது. சோளத்தை எடுத்துப்போன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள், இத்தாலி ஏழைகள் தலைமுறை தலைமுறையாகப் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள்.

அரைக்க நம் தோசை மாவுக் கிரைண்டர் போதும். கல் சுற்றத் தண்ணீர் கொஞ்சம் அதிகம் கேட்கும், மாவு தளர்ந்துபோகும், அவர்கள் பெட்டியில் கொண்டுவந்த காய்ந்த மாவை இரண்டு கை போட்டு இறுக்கிக்கொள்ளலாம். அவிக்க இட்லிக் குண்டான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொலம்பியா வெனிசுவேலா ஆட்களின் அரேப்பாவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, முன்பே வெந்த மாவில் தண்ணீர் உப்பு சேர்த்து வட்டமாகத் தட்டித் தோசைக்கல்லில் போடலாம். பொறுமையில்லாத பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள்.

பிஜே_தாமான்வாசி:

எல்லோருக்கும் நன்றி. செந்தூல் தம்பிக்கு ஒரு பதில்: மளிகை, எரிவாயு செலவு முழுக்க அவர்கள் ஏற்கிறார்கள். நீங்கள் கேட்ட ‘நம்மை யார் கூப்பிடுகிறார்கள்’ என்பதும் நியாயமான கேள்விதான். நவம்பர் முதல் இரண்டு நாள் அவர்கள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள், செத்துப்போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துச் செண்டுப்பூ வைத்து. தீபாவளிக்கு முன் நாம் முன்னோருக்குப் படைப்பதைச் சொன்னேன், அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று அப்போதே அழைத்துவிட்டார்கள். நீங்களும் வாருங்கள்.

செயற்குழுவிடம் பேசிவிட்டேன், எதிர் எதிர் மேசை கிடையாது, மண்டபத்தின் நடுவில் ஒரே நீள மேசை. சல்சாவும் பரதமும் இருக்கட்டும், தலைவர் விடமாட்டார். கோழிக் குண்டான் ஒன்று தவிர முழுக்க சைவம், அந்தக் குண்டான் 12ஆம் எண் வீட்டு மலாய் அக்கா பொறுப்பு. ஆசிரியர் ஐயா, நீங்கள் வந்து ரப்பர் கதையைச் சொல்ல முடியுமா? பேராக்கிலிருந்து வர வண்டி ஏற்பாடு செய்கிறோம். இப்போது குறை ஒன்றுதான், வீட்டுக் கிரைண்டர்கள் இரண்டு லிட்டர்தான், இத்தனை சோளத்துக்குப் போதாது.

கிள்ளான்காரன்:

என்னிடம் 10 லிட்டர் கிரைண்டர் இருக்கிறது அக்கா, 15ஆம் தேதி சாயங்காலம் லோரியில் அனுப்புகிறேன். வாடகை வேண்டாம். கழுவி மட்டும் தாருங்கள், போன தடவை ஒரு சங்கத்துக்காரர்கள் உளுந்து காய்ந்து ஒட்டியபடி திருப்பி அனுப்பினார்கள்.