கடைசி போர்டில் விரல் இறுகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் கேரம் பழகும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம். பயிற்சியில் அசால்ட்டாகப் போடும் கட் ஷாட் (காயின் ஓரத்தில் தட்டிச் சாய்த்துப் போடுவது), போட்டியின் கடைசிச் சுற்றான 8-வது போர்டில் தவறுகிறது. ஸ்கோர் 20, 21 என்றால் இன்னும் மோசம். 22 தொட்டுவிட்டால் ரெட்டுக்கு (சிவப்புக் காய்க்கு) 3 பாயின்ட் கிடையாதே என்று அவசரமாக அதற்குப் பாய்ந்து, ஃபாலோ (ரெட்டை அடுத்துப் போட வேண்டிய சொந்தக் காய்) இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோளாறு குறியில் இல்லை. மூச்சை அடக்குவதால் மணிக்கட்டு இறுகி, ஸ்ட்ரைக்கர் வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு அடிக்கு 15 விநாடி இருந்தும் பதற்றத்தில் நாலைந்திலேயே அடித்துவிடுகிறார்கள்.

இப்போது சொல்லிக்கொடுப்பது: விரலைத் துடை, அடுத்த காயையும் சேர்த்துப் பார், ஸ்ட்ரைக்கரை இரண்டு பேஸ் லைனும் தொட வை, மூச்சை மெதுவாக விட்டு அது முடியும் இடத்தில் அடி. நடுவில் குறி மாற்றத் தோன்றினால் ஸ்ட்ரைக்கரை எடுத்து முதலிலிருந்து தொடங்கு. கூடவே, 30 தடவை ஸ்கிப்பிங் குதித்து, நெஞ்சு படபடக்கும்போதே 5 காய் தொடர்ந்து போடும் பயிற்சி. ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. படபடப்புக்கு இது கேட்கிறது, சுற்றி நிற்கும் கூட்டத்துக்குக் கேட்கவில்லை.

கோல்ஃப் ஆடுபவர்கள் இங்கே இருந்தால்: குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டும் ‘பட்’ அடியில் கை வெட்டும் ‘யிப்ஸ்’ வந்தால் பிடியையே மாற்றுவீர்களே, அதுபோல ஆள்காட்டி விரலை விட்டு நடுவிரலுக்கு மாற்றினால் பலன் இருக்குமா? பழக எத்தனை வாரம் ஆகும்? பெனால்டி பயிற்சி தரும் ஃபுட்பால் கோச்சுகள், கூட்டத்தின் சத்தத்தைப் பயிற்சிக்குள் எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? “டென்ஷன் ஆகாதே” மட்டும் வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாதி டென்ஷனே.